எந்தத் தேதிக்கு உரிய படம்?

மதுரையையும் போடிநாயக்கனூரையும் இணைக்கும் ரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடியும் பாதை போட்டு வண்டி விட்டார்கள். மீட்டர் கேஜை அகலப் பாதையாக்குவதற்காக 2010-ஆம் ஆண்டின் கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகப் போடிக்காரர்களுக்கு பஸ்தான் கதி. 2022 மே மாதம் தேனிவரை ரயில் வந்தது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கே வந்து சேர்ந்தது.

“இப்போ சொல்லுங்க. மதுரைக்கும் போடிக்கும் நடுவுல ரயில் பாதை இருக்கா, இல்லையா?”

தொலைத்தொடர்பு நெட்வொர்க்கின் படங்களையும் பதிவேடுகளையும் பராமரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த போடிக்காரர் ஒருவர், புதிதாகச் சேரும் பொறியாளர்களிடம் முதல் நாள் கேட்கும் கேள்வி இது. “இருக்கு சார்” என்பார்கள். “எப்போ?” என்று திருப்பிக் கேட்பார். அந்த ‘எப்போ’ இல்லாத நெட்வொர்க் படத்தை அவர் படமாகவே மதிப்பதில்லை.

எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து எந்த எக்ஸ்சேஞ்சுக்கு லைன் போகிறது, நடுவில் எத்தனை ஜாயின்ட், எந்தக் கருவியின் எந்த போர்ட்டில் எந்த ஃபைபர் செருகியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்வது நெட்வொர்க் படம். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மழைக்கால நள்ளிரவில் லைன் அறுந்தால் கையில் இருப்பது அது மட்டும்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த 1990-களின் தொடக்கத்தில் எல்லாம் செம்புக் கம்பி. ஊருக்குள் பில்லர் பெட்டி, டி.பி. பெட்டி என்று பிரிந்துபோகும் கேபிள். மலையில் ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம் நட்டு இழுத்த திறந்த கம்பி லைன். ஏலச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் மரங்களை வெட்ட மாட்டார்கள். அந்த மரங்களுக்கு நடுவேதான் லைன் போகும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கிளை விழாத நாளே கிடையாது. காய் பறிக்கும் காலத்தில் தோட்டத்து ஆபீசுக்குப் போடிச் சந்தை விலை தெரிந்தாக வேண்டும். விழுந்த லைனை எடுத்துக் கட்டும்வரை பக்கத்துத் தோட்டத்தின் வழியே தற்காலிகமாக ஒரு கம்பியை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆபீசில் பெரிய ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. அதன் முதல் பக்கத்தில் ‘திருத்திய தேதி’ என்று ஒரே ஒரு தேதி இருக்கும். மலை லைனைப் பார்த்துவந்த லைன்மேன் அண்ணனிடம் காக்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்த நாற்பது பக்க நோட்டு இருந்தது. மழையில் நனைந்து மை பரவிய அந்த நோட்டில் ஒவ்வொரு லைனுக்கும் நேராக இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘போட்டது’, அடுத்ததில் ‘எடுத்தது’. தற்காலிகக் கம்பி என்றால் இரண்டாவது கட்டத்தில் பென்சிலால் ஒரு மாதத்தின் பெயர் இருக்கும். எடுத்த பிறகு அதன்மேல் பேனாவால் சரியான தேதியை எழுதுவார். எடுத்த லைனை அவர் அடித்துவிட மாட்டார். எந்தக் கம்பம் எப்போதிருந்து சும்மா நிற்கிறது என்பது அடுத்த மழைக்கு உதவும்.

“தம்பி, உங்க ரிஜிஸ்டர்ல எழுதுன தேதி இருக்கு. எங்கிட்ட லைன் இருந்த தேதி இருக்கு. மரம் விழுந்தா எதை எடுத்துக்கிட்டு மலையேறுவீங்க?” என்று கேட்டாராம்.

இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடத்தை அந்த அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரு தகவலுக்கு இரண்டு வகைத் தேதிகள் உண்டு. எப்போது எழுதப்பட்டது என்பது ஒன்று. கணினிக்காரர்கள் வெர்ஷன் என்பது அதைத்தான். எப்போதிலிருந்து எப்போதுவரை அது உண்மை என்பது இன்னொன்று. அது செல்லுபடிக் காலம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்த பழுதுகளை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம் என்கிறார் அவர்.

ஃபைபர் வந்த பிறகு நடந்தது ஒன்று. போடியிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுக்குப் போகும் மலைச்சாலை ஓரமாகக் கேபிள் புதைத்திருந்தது. ஒரு இரவு இணைப்பு போனது. ஓ.டி.டி.ஆர். கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ஃபைபருக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து முறிவு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லிவிடும். சொல்வது ஃபைபரின் நீளத்தை. சாலையின் நீளத்தை அல்ல. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சில மீட்டர் ஃபைபரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கைக் கழித்து, படத்தோடு பொருத்தி, வளைவு ஒன்றின் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். மூன்றடி தோண்டியும் கேபிள் இல்லை. ஐந்தடி தோண்டினார்கள். பாறைதான் வந்தது.

படத்தின் மூலையில் போன மாதத் தேதி இருந்தது. அதை நம்பித்தான் தோண்டினார்கள். விடிந்த பிறகு விசாரித்தால், போன மாதம் திருத்தியது ஒரு தோட்டத்தின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை. அந்த வளைவில் கேபிள் போகும் தடத்தை யாரும் தொட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. நடுவில் தடுப்புச் சுவர் கட்டியபோது கேபிளைச் சாலையின் மலைப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். பெயர் திருத்திய பையன் மேல் தப்பில்லை. அவன் செய்தது சரியான திருத்தம். முழுப் படத்துக்கும் ஒரே வெர்ஷன் என்ற ஏற்பாடுதான் கோளாறு. புதிய தேதி ஒன்று வந்து உட்கார்ந்ததும் பழைய தகவல் அனைத்தும் புதிதுபோல் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவர் இருந்த ஆபீசில், ஒரு ஜாயின்ட்டிலிருந்து அடுத்த ஜாயின்ட்வரை உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனித் தேதி என்று ஆனது. வேலை பல மடங்கு கூடியது. முணுமுணுப்பும் கூடியது. ஆனால் தோண்டிய குழியில் கேபிள் இருந்தது.

அடையாள எண்கள் மாறும்போது வரும் சங்கடம் வேறு வகை. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை வழியாகத் தனுஷ்கோடிவரை சென்ற சாலை தேசிய நெடுஞ்சாலை 49 என்று இருந்தது. 2010-இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது நம் மலைச்சாலை 85 ஆனது. மதுரையிலிருந்து தனுஷ்கோடி போகும் பகுதி 87 ஆனது. பழைய எண்ணாவது சும்மா கிடந்ததா என்றால் இல்லை. 49 என்ற எண்ணைச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரிலிருந்து மேற்கு வங்கத்தின் கரக்பூர்வரை போகும் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். கேபிள் பதிவுகளிலோ ‘நெ.சா. 49, இத்தனையாவது கிலோமீட்டர்’ என்றுதான் ஆயிரக்கணக்கான வரிகள். அகில இந்தியப் பட்டியலில் 49 என்று தேடினால் ஏலமலைக் கேபிளும் வடக்கே இருக்கும் கேபிளும் கலந்து வரும். “பேரை மாத்து, ஒத்துக்கறேன். ஆனா எடுத்த பேரை வேற ஒருத்தனுக்குக் குடுக்காதே. குடுத்தே ஆகணும்னா எந்தத் தேதியிலேர்ந்துன்னு எழுதி வை” என்பார் அவர். புதிய எண்ணைப் போட்டுப் பழையதை அழித்துவிடலாம் என்று சிலர் அவசரப்பட்டார்கள். அவர் விடவில்லை. இரண்டு எண்களையும் அவற்றின் காலத்தோடு வைத்துக்கொண்டார். சாலையோரக் கல்லில் பழைய எண் இருக்கும்வரை லைன்மேன் போனில் சொல்லப்போவதும் அதைத்தான்.

பெயர்ச் சங்கடத்துக்கு இந்த மலையிலேயே இன்னொரு உதாரணம் டாப் ஸ்டேஷன் என்ற ஊர். மூணாறிலிருந்து அங்கே தேயிலை கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடிக்கு வந்து, பிறகு வெளியூர் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. நூறு ஆண்டுகளாக அங்கே ஸ்டேஷன் கிடையாது. ஊர்ப்பெயரும் டவர்களின் அடையாளக் குறியீடும் அந்த ஸ்டேஷன் பெயரில்தான் இருக்கின்றன. பொருளுக்கு ஒரு ஆயுள், பெயருக்கு வேறொரு ஆயுள். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் வெளியூர்ப் பொறியாளர் ரயில்வே நிலத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்.

அவர் மிகவும் வருத்தத்தோடு சொல்லும் நிகழ்ச்சி பூப்பாறை ரிங்.

ஒரு பாதை அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரட்டும் என்று நெட்வொர்க்கை வளையமாக இணைப்பார்கள். ஒரு கை போடி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கு. மறு கை தேனி, கம்பம், கம்பம்மெட்டு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை என்று தெற்கே சுற்றிப் பூப்பாறைக்கு. படத்தில் பார்த்தால் இரண்டும் மலையின் இரு பக்கங்கள். ஒரே நேரத்தில் அறுபட வழியே இல்லை. மூணாறு–போடிமெட்டு சாலையை அகலப்படுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்த சமயம். கேப் ரோடு பகுதியில் மலை சரிந்து போக்குவரத்தே மாதக்கணக்கில் நின்றதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேபிள்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு நிறுவனத்தில் தெற்குக் கையின் கடைசித் துண்டை, வடக்குக் கை போகும் அதே குழாயில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பதிவில் ‘தற்காலிகம்’ என்று எழுதினார்கள். எதுவரை என்று எழுதவில்லை.

சேர்த்தவர் மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு அது வெறும் குறிப்பு. படத்தில் இரண்டு கோடுகள் தனித்தனியாக, பச்சை நிறத்தில், பார்க்க அழகாக இருந்தன. அடுத்த ஆடி மாத மழையில் ஒரே ஒரு இடத்தில் மண் சரிந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து அறுந்தன. பூப்பாறையும் சுற்றியுள்ள தோட்டங்களும் வெளியுலகத் தொடர்பில்லாமல் கிடந்தன. போடியிலிருந்து காலையில் ஜீப்பில் மலையேறிய தோட்டத் தொழிலாளர்களின் வீட்டாருக்கு, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்கக்கூட வழி இல்லை. ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. ரிங் எந்த நாளுக்காகப் போடப்பட்டதோ அந்த ஒரு நாளில்தான் அது ரிங்காக இல்லை.

“தற்காலிகம்ங்கற வார்த்தையை நான் பதிவுல அனுமதிக்கறதே இல்லை. முடிவுத் தேதி இருந்தா அது தன்னாலே தற்காலிகம். தேதி இல்லேன்னா நிரந்தரம்” என்கிறார்.

இந்தச் சிக்கல் ஏலமலைக்கு மட்டும் உரியதல்ல. இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட், 1980 அக்டோபர் 27 அன்று பல மணி நேரம் முடங்கியது. அதில் ஒவ்வொரு கணினி முனையும் தன் இணைப்புகளின் நிலையை வரிசை எண் போட்டு மற்றவற்றுக்கு அறிவிக்கும். பெரிய எண் வந்தால் புதிய செய்தி என்று பொருள். எண் 63-ஐத் தாண்டினால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால், எது புதியது என்பதை வட்டத்தில் வைத்துக் கணக்கிட்டார்கள். வன்பொருள் கோளாறால் ஒரு முனையின் செய்தியில் பிட்டுகள் உதிர்ந்து, அதே முனையின் பெயரில் 44, 40, 8 என்று மூன்று செய்திகள் உலவத் தொடங்கின. அந்தக் கணக்குப்படி 40-ஐவிட 44 புதியது. 8-ஐவிட 40 புதியது. 44-ஐவிட 8 புதியது! ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு மூன்றும் ஓயாமல் சுற்றின. நெட்வொர்க்குக்கு வேறு வேலை பார்க்க நேரமே இல்லாமல் போனது. எரிக் ரோசன் இதை விரிவாக ஆராய்ந்து ஆர்.எஃப்.சி. 789 என்ற ஆவணத்தில் எழுதினார்.

அந்தச் செய்திகளுக்கு வெர்ஷன் இருந்தது, நம்பத்தக்க காலாவதி இல்லை. இவ்வளவு நேரம் ஆனால் தூக்கிப் போடு என்று ஒரு விதி ஒழுங்காக வேலை செய்திருந்தால் மூன்றும் தாமாகவே செத்திருக்கும். பின்னால் ரேடியா பெர்ல்மன் போன்றவர்கள் வரிசை எண்ணையும் வயதையும் கையாளும் முறையை மாற்றி இதற்கு வழி கண்டார்கள். இன்றைக்கு ரௌட்டர்களில் பரவலாக ஓடும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில், ஒவ்வொரு ரௌட்டரும் தன் இணைப்பு விவரத்தை 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து அனுப்புகிறது. ஒரு மணி நேரம் ஆகியும் புதுப்பிக்கப்படாத விவரத்தை மற்றவை நீக்கிவிடுகின்றன. சொன்னவன் உயிரோடு இருந்தால் மறுபடியும் சொல்வான், சொல்லாவிட்டால் நம்பாதே.

மனிதர்கள் பராமரிக்கும் பதிவேட்டில் இதை அப்படியே செய்ய முடியாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். தேதி முடிந்துவிட்டது என்று மண்ணுக்குள் இருக்கும் கேபிள் மறைந்துவிடாது. காலாவதியானதும் கணினி அந்த வரியைத் தானாக அழித்தால், குழாயில் இன்னும் கிடக்கும் கேபிள் படத்தில் மட்டும் இல்லாமல் போகும். பூப்பாறையில் நடந்ததைவிட அது ஆபத்து. காலாவதியாவது கேபிள் இல்லை, அதைப் பற்றிய நம் நம்பிக்கை. எனவே அவர் ஏற்பாட்டில் தேதி முடிந்த வரி அழிவதில்லை; நிறம் மாறி, யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏறும்.

ஆராய்ச்சி நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று தங்கள் அமைப்பைச் சொல்லிக்கொள்வதற்காக, ஓப்பன் கிரிட் ஃபோரம் என்ற அமைப்பு 2013-இல் நெட்வொர்க் மார்க்அப் லாங்குவேஜ் என்ற தரத்தை வெளியிட்டது. அதைப் படித்தபோது லைன்மேன் அண்ணனின் நோட்டு ஞாபகம் வந்தது என்கிறார். அதில் வெர்ஷனுக்கு ஒரு இடம், ஆயுளுக்கு வேறொரு இடம். வெர்ஷன் என்பது 1, 2, 3 என்ற எண் கிடையாது. உலகப் பொது நேரத்தில் எழுதிய தேதியும் மணியும். ஆயுளுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒரே பொருளுக்குப் பல ஆயுள்கள் எழுதலாம். அவை எல்லாம் சேர்ந்ததுதான் அதன் மொத்த ஆயுள். போடி ரயிலை அப்படித்தான் எழுத முடியும்: போருக்கு முன் ஒரு காலம், 1950-களிலிருந்து 2010 வரை ஒரு காலம், 2023-இலிருந்து ஒரு காலம்.

ஆனால் அதில் அவருக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. முடிவு எழுதாவிட்டால், அந்தப் பொருள் காலவரையின்றி இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தரம். கணினிக்கு அது வசதி. மலைச்சாலைக்கு அது சரிப்படாது.

உலகப் பொது நேரம் என்றதும் அவர் இன்னொன்றையும் சொல்கிறார். “புதன் ராத்திரி 12 மணிக்கு மாத்தறோம்” என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார். செவ்வாய் முடிந்து புதன் பிறக்கும் 12 மணியா, புதன் முடியும் 12 மணியா? ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அது போதாதென்று, இந்திய நேரம் 00:00 என்று நினைத்துப் பொது நேரக் கட்டத்தில் 00:00 எழுதினால், கணினிக்கு அது இங்கே காலை 5:30. பழைய இணைப்பை நள்ளிரவில் எடுத்துவிட்டு, புதிய இணைப்பு காலையில்தான் செல்லுபடியாகும் என்று ஆகி, நடுவில் ஐந்தரை மணி நேரம் ஓட்டை விழும். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னேலம் நடக்கும் நாட்களில், காலை நேரத்துக்கு முன்னால் எல்லாம் எழுந்து நின்றாக வேண்டும். எனவே அவர் விதி இரண்டு. நள்ளிரவு என்று எழுதக் கூடாது. 23:30 என்றோ 00:30 என்றோ தேதியோடு எழுத வேண்டும். பழையது முடியும் நொடியும் புதியது தொடங்கும் நொடியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முடியும் நொடி பழையதில் சேராது, புதியதில் சேரும்.

போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. தொலைத்தொடர்பு வட்டமும் அங்கேயே மாறுகிறது. அந்தப் பக்கத்துப் படம் ஒரு ஆபீசில், இந்தப் பக்கத்துப் படம் வேறொரு ஆபீசில். இரண்டையும் ஒட்டினால் வரும் படத்துக்கு எந்தத் தேதி? புதிய பாதியின் தேதியைப் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. அவர் அதை மாற்றி, பழைய பாதியின் தேதியைப் போடச் சொன்னார். படம் பழையதுபோல் தெரிந்ததால் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இருக்கும் ஆபீசுக்கு வாரம் ஒரு போன் போட ஆரம்பித்த பிறகு தேதி தானாக முன்னேறியது. இரண்டு பக்கமும் ஒரே ஜாயின்ட்டை வேறு வேறு பெயரில் எழுதியிருந்ததும் அந்தப் போன்களில்தான் வெளிவந்தது.

இப்போது கட்டங்கள் நிறைந்த மென்பொருள்கள் வந்துவிட்டன. தொடக்கம், முடிவு, வெர்ஷன் எல்லாம் உண்டு. முடிவுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராகப் போகும் இடங்களில், தொடக்கம் முடிவோடு மூன்றாவதாக ஒரு தேதியையும் அவர் சேர்க்கச் சொல்கிறார்: கடைசியாகக் கண்ணால் பார்த்த தேதி. அதைக் கணினி நிரப்பக் கூடாது. போய்ப் பார்த்தவர்தான் நிரப்ப வேண்டும், பெயரோடு. மே மாதம் வந்ததும் அந்தத் தேதியில் மிகப் பழையதை முதலில் வைத்துப் பட்டியல் எடுத்து, முந்தலிலிருந்து மேலே ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். மூடியைத் திறந்து, ஜாயின்ட்டைப் பார்த்து, குழாயில் எத்தனை கேபிள் என்று எண்ணி, தேதி எழுதிய பட்டையைக் கட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். காட்டுக்குள் இருக்கும் சில ஜாயின்ட்டுகளுக்கு வனத்துறை அனுமதி தேவைப்படும். அதற்கான கடிதத்தை ஏப்ரலிலேயே அனுப்பிவிட வேண்டும் என்று அதையும் பட்டியலில் ஒரு வரியாக, முடிவுத் தேதியோடு சேர்த்திருக்கிறார்.